கிளாரா அம்மாளுக்குப் போன மெழுகு

குய்மாராஸ் தீவு
ஜனவரி 26

அன்புள்ள சித்திக்கு,

ஆசி வேண்டி உங்கள் கையை எடுத்து என் நெற்றியில் வைத்துக்கொள்கிறேன். மடத்தில் சகோதரிகள் எல்லோரும் சுகமா? மலையில் இந்த வருடம் குளிர் அதிகம் என்று வேன் ஓட்டும் தெரோய் அண்ணன் சொன்னார். நாங்கள் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அப்படி எழுதினால் பாதிதான் உண்மை.

அம்மாவின் இடது மார்பில் ஒரு கட்டி வந்தது. புற்றுநோய்தான். போன திங்கட்கிழமை நகரத்து ஆஸ்பத்திரியில் மார்பை எடுத்துவிட்டார்கள். இப்போது வீட்டில் இருக்கிறாள். கஞ்சி குடிக்கிறாள். படுத்தபடியே என்னை வேலை வாங்குகிறாள். அப்பாவின் கப்பல் ஜூலையில்தான் திரும்பும். மாமரங்களில் பூ உதிர்ந்து பிஞ்சு பிடித்துவிட்டது. காய்க்கு மாட்டும் காகிதப் பைகளை இந்த வருடம் நான் ஒருத்தியே மடிக்கிறேன், நாளுக்கு எழுநூறு. மடிக்கும்போது பழைய செய்தித்தாள்களைப் படித்துவிடுவதால் போன வருடத்து உலகச் செய்தி எல்லாம் எனக்குத் தெரியும்.

"சித்திக்கு எழுது, ஆனா பயமுறுத்தாத" என்றாள் அம்மா. ஒரு பெயரை மட்டும் எழுதக் கூடாது என்றாள். எழுதவில்லை.

உங்கள் மடத்தில் தொலைபேசி கிடையாது என்பது எனக்கு வசதி, சித்தி. பேசச் சொன்னால் முதல் சொல்லே வருவதில்லை. எழுதச் சொன்னால் இப்படி நீண்டுவிடுகிறது.

எங்களுக்காகச் செபியுங்கள்.
உங்கள் ஜூவிலின்

*

மலை மடம்
பிப்ரவரி 3

என் செல்ல மகளே, அன்பு இன்டாய் ஜூவிலின்,

ஆண்டவரின் சமாதானம் உன் வீட்டுக் கூரைமேல் இருக்கட்டும். எனக்குக் குறையில்லை. முழங்கால் வலி இருக்கிறது, அது இல்லாவிட்டால் மண்டியிட்டதாகவே தோன்றாது.

உன் கடிதத்தைக் கோவிலுக்கு எடுத்துக்கொண்டு போய்ப் படித்தேன். டாக்டர் என்ன சொல்கிறார்? மேற்கொண்டு மருந்து ஏற்றப் போகிறார்களா? எத்தனை தவணை? அம்மா சாப்பிடுகிறாளா? காய்ச்சல் உண்டா? ஜூவிலின், காய்ச்சல் வந்தால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்காதே. படகு இல்லை, ஆள் இல்லை என்று சொல்லாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ. இதை அம்மாவிடம் காட்டாதே.

நீ ஏன் பள்ளிக்கூடத்தை விட்டாய் என்று போன வருடமே கேட்டேன். "அம்மாவுக்கு ஒத்தாசை" என்று ஒரே வரியில் பதில் எழுதினாய். எழுநூறு பை மடிக்கிறவளுக்கு இரண்டு வரி எழுத நேரம் இருக்குமே.

எங்கள் மடத்துப் புனிதை கிளாரா அம்மாளின் பாதத்தில் உங்களை வைத்திருக்கிறேன்.
சித்தி, சிஸ்டர் பெர்பெத்துவா

*

குய்மாராஸ்
பிப்ரவரி 9

அன்புள்ள சித்திக்கு,

கையை நெற்றியில் வைத்துக்கொள்கிறேன். முழங்காலுக்கு இஞ்சி வைத்துக் கட்டச் சொன்னாள் அம்மா. அவளுக்குக் காய்ச்சல் இல்லை. தைத்த இடம் ஆறி வருகிறது.

வெள்ளிக்கிழமை டாக்டர் பல்மாரெஸைப் பார்த்தோம். குள்ளமான பெண், காலில் ரப்பர் செருப்பு. எதிரே உட்கார்ந்ததும் அம்மா முதல் வார்த்தையாகச் சொல்லிவிட்டாள்.

"கீமோ வேண்டாம் டாக்டர். எங்க அக்கா லூஸ் நாலாவது தவணையோட போயிட்டா."

அந்தப் பெயரை அம்மாவே சொல்லிவிட்டதால் நானும் எழுதுகிறேன், சித்தி. மன்னியுங்கள். லூஸ் பெரியம்மா இறக்கும்போது எனக்கு ஒரு வயது. பதினைந்து வருடமாக நம் வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

டாக்டர் கோபப்படவில்லை. "மரிவிக் அக்கா, உங்களுக்குத் தேவைப்பட்டு நீங்க வேண்டாம்னு சொன்னா அது ஆபத்து. தேவையில்லாம நான் ஏத்தினா அதுவும் ஆபத்துதான். இருட்டுல நின்னு ரெண்டு பேரும் எதுக்குச் சண்ட போடணும்? கட்டிகிட்டயே கேப்போம்" என்றார்.

"வெட்டித்தான் எடுத்தாச்சே. அது எங்க பேசும்?"

"பேசும். ஆஸ்பத்திரி ஆய்வகத்துல அதோட துண்டு பத்திரமா இருக்கு."

அதற்கு ஒரு மரபணுச் சோதனை இருக்கிறதாம். அம்மாவின் கட்டி சின்னது, அக்குளுக்குப் பரவவில்லை, பெண்களின் உடம்பில் ஊறும் ஹார்மோனைத் தின்று வளர்கிற வகை. இந்த மாதிரிக் கட்டி உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு மாத்திரையே போதும், சிலருக்குக் கீமோ இல்லாமல் முடியாது. எவர் எந்தப் பக்கம் என்பது பூதக்கண்ணாடியில் பார்த்தாலும் தெரியாதாம். ஆனால் துண்டுக்குள்ளே இருபத்தோரு மரபணுக்களைச் சோதிக்கிறார்கள். "எது சத்தம் போடுது, எது அடங்கிக் கெடக்குதுன்னு ஒவ்வொண்ணாக் கேட்டு, நூத்துக்கு ஒரு எண் போட்டுத் தருவாங்க" என்றார்.

நாங்கள் மாங்காயைத் தண்ணீரில் போட்டுப் பார்ப்போமே, அதுதான் நினைவுக்கு வந்தது. இரண்டு காய் ஒரே நிறம், ஒரே பருமன். முற்றினது மூழ்கும், முற்றாதது மிதக்கும். இதை டாக்டரிடம் சொல்ல வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன்.

ஒரு அறக்கட்டளைக்கு டாக்டரே எழுதிப்போட்டு இதை நமக்கு வாங்கித் தருகிறார். போதுமான கட்டி உள்ள துண்டு ஒன்றுதான் இருக்கிறதாம். அதை நாமே கையெழுத்துப் போட்டு ஆய்வகத்திலிருந்து வாங்கி அவருடைய கிளினிக்கில் சேர்க்க வேண்டும். அங்கிருந்து வெளிநாட்டுக்குப் போகும். ஏப்ரல் நடுவுக்குள் எண் வர வேண்டும். "வரலைன்னா நான் கீமோதான் சொல்வேன். கண்ண மூடிக்கிட்டு விட மாட்டேன்" என்றார். "எண் வந்து ஏத்தணும்னு சொன்னா ஏத்திக்கறேன். எண்ணே இல்லாம ஏத்த மாட்டேன்" என்றாள் அம்மா.

ஆக எல்லாமே அந்த எண்ணில் இருக்கிறது.

உங்கள் ஜூவிலின்

*

மலை மடம்
பிப்ரவரி 15

அன்பு இன்டாய்,

சமாதானம். முழங்கால் பரவாயில்லை. இஞ்சி கட்டினேன், மடம் முழுக்க மீன் குழம்பு வாசம் என்று சிரிக்கிறார்கள்.

அந்தச் சோதனையைப் பற்றி எழுதியதை மூன்று முறை படித்தேன். நன்றாக எழுதியிருக்கிறாய். துண்டைப் பத்திரமாகக் கொண்டு போ.

மீதியை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

சித்தி

*

குய்மாராஸ்
பிப்ரவரி 20

அன்புள்ள சித்திக்கு,

கையை நெற்றியில் வைத்துக்கொள்கிறேன். உங்கள் கடிதம் இந்த முறை ரொம்பச் சின்னது. நான் எழுதக் கூடாததை எழுதிவிட்டேனா?

அம்மா எழுந்து நடக்கிறாள். பக்கத்து வீட்டுப் பாசிங் அக்கா வேலிமேல் சாய்ந்து, "என்ன மரிவிக், கீமோ இல்லாத கேன்சரா? கருவாடு இல்லாத சந்தையா?" என்று கேலி செய்கிறாள். அம்மா, "நீ வேணா என் பங்கையும் சேத்து ஏத்திக்கோ" என்றாள்.

இன்று தெரோய் அண்ணன் வேனில் உங்களுக்கு ஒரு செருப்புப் பெட்டி வருகிறது. அம்மாவின் வேண்டுதல், திறந்தால் தெரியும். அந்தத் துண்டும் இன்றுதான் அவர் கையிலேயே கிளினிக்குக்குப் போகிறது. அதுவும் செருப்புப் பெட்டியில். நேற்று நானே ஆய்வகத்தில் வாங்கினேன்.

துண்டு பத்திரம்.

உங்கள் ஜூவிலின்

*

மலை மடம்
பிப்ரவரி 27

அன்பு இன்டாய்,

சமாதானமும் மகிழ்ச்சியும். பெட்டி வந்தது. முட்டையாக இருக்கும் என்று நினைத்தோம். வீட்டில் கல்யாணம், பரீட்சை, எது வந்தாலும் வானம் தெளிய வேண்டும் என்று கிளாரா அம்மாளுக்கு முட்டைதானே எல்லோரும் கொண்டுவருகிறார்கள். திறந்தால் அரிசி. அரிசிக்குள் உன் காணிக்கை! சபைத் தலைவி முதல் எல்லோரும் கூடிவிட்டோம். கோவில் வாசலில் விற்கிற மெழுகுக் கை, மெழுகுக் கால், மெழுகுக் குழந்தை எல்லாம் பார்த்திருக்கிறோம். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. நீலப் பிளாஸ்டிக்கில் தீப்பெட்டி அளவு சட்டம், அதன்மேல் வெள்ளை மெழுகு, நடுவில் மீன் செதில் மாதிரி மங்கலாக ஏதோ ஒன்று. மெழுகுவர்த்தி செய்கிற சிஸ்டர் பெனிக்னாவுக்கு எண்பத்தொரு வயது. "பாவம், மார்பைச் செய்யக் கூச்சப்பட்டு இவ்வளவு சின்னதாச் செஞ்சிருக்கு பிள்ளை" என்றார்.

கிளாரா அம்மாளின் காலடியில் ஒரு வாரமாக இருக்கிறது. ஒவ்வொரு மணிச் செபத்திலும் அதைப் பார்த்துத்தான் உன் அம்மாவை நினைக்கிறோம். அரிசியைக் கஞ்சி வைத்துக் குடித்தோம்.

வரும் சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டர் வரை நாங்கள் கடிதம் எழுதுவதில்லை, வருகிற கடிதத்தைத் திறப்பதுமில்லை. அது எங்கள் தவம். சாம்பல் புதன் மத்தியானம் சிஸ்டர் பெனிக்னா ஒரு வருடக் காணிக்கை மெழுகை எல்லாம் உருக்கி ஈஸ்டர் பெருவர்த்தி வார்ப்பார். உன் மெழுகும் அதில் சேர்ந்து எரியும். அம்மாவிடம் சொல், சந்தோஷப்படுவாள்.

சித்தி

*

(உறையின் வெளிப்பக்கத்தில், இரு பக்கமும், பொடி எழுத்தில்)

சாம்பல் புதன், மார்ச் 5

சபைத் தலைவி அம்மாவுக்கும் என் சித்தி சிஸ்டர் பெர்பெத்துவாவுக்கும்.

இந்த உறைக்குள் ஒன்றும் இல்லை. திறக்க வேண்டியதில்லை. திறக்கக் கூடாது என்பதால்தான் எல்லாவற்றையும் வெளியே எழுதுகிறேன்.

கிளாரா அம்மாளிடம் இருப்பது காணிக்கை இல்லை. அதுதான் என் அம்மாவின் கட்டி. ஆய்வகத்தில் துண்டை மெழுகில் பதித்து வைப்பார்களாம். பெட்டி மாறிவிட்டது. பிழை என்னுடையது. இரண்டு பெட்டியையும் கட்டி முடித்த பிறகு பெயர்ச் சீட்டை ஒட்டினேன். முட்டை டாக்டருக்குப் போய்விட்டது. சித்தியின் கடிதம் நேற்று மாலைதான் கைக்கு வந்தது.

தயவுசெய்து உருக்காதீர்கள். வேறு துண்டு இல்லை. சட்டத்தில் 318 என்று எழுதியிருக்கும்.

வாசல் சுவரிலுள்ள சுழல் பெட்டிக்கு வெளியே நிற்கிறேன். எவ்வளவு நேரமானாலும் நிற்பேன்.

ஜூவிலின்

*

குய்மாராஸ்
மார்ச் 9

அன்புள்ள சித்திக்கு,

கையை நெற்றியில் வைத்துக்கொள்கிறேன். ஈஸ்டர் வரை இதைப் படிக்க மாட்டீர்கள். அதனால்தான் தைரியமாக எழுதுகிறேன்.

புதன்கிழமை முதல் படகில் கிளம்பினேன். அம்மாவிடம் சாம்பல் பூசப் போவதாகச் சொன்னேன், போகிற வழியில் பூசியும் கொண்டேன், அதனால் அது பொய் இல்லை. பேருந்து மலை ஏறும்போது பேச வேண்டியதை மனப்பாடம் செய்தேன். மடத்தில் மணியடித்தேன். மரத் தடுப்புக்கு அந்தப் பக்கம், முகம் தெரியாமல் ஒரு குரல், "ஆண்டவருக்கு நன்றி, யாரு?" என்று கேட்டது. மனப்பாடம் செய்தது போயிற்று. உறையைச் சுழல் பெட்டியில் வைத்துத் தள்ளினேன். அது சுழன்று உள்ளே போனது.

முற்றத்தின் பின்னாலிருந்து புகை வந்தது. உருகுகிற மெழுகின் வாசனை வந்தது. சித்தி, அந்த வாசனையை என்னால் இனி மறக்க முடியாது.

முக்கால் மணி நேரம் கழித்துப் பெட்டி தானாகச் சுழன்றது. அதே செருப்புப் பெட்டி. பஞ்சுக்குள் 318. ஒரு வார்த்தை இல்லை, ஒரு சீட்டு இல்லை. மரத் தடுப்பில் உள்ளிருந்து இரண்டு தட்டு. நானும் இரண்டு தட்டினேன். வெளியே வந்து வழியோர வாழை மரத்தடியில் உட்கார்ந்து அழுதுவிட்டுக் கிளினிக்குக்குப் போனேன்.

அங்கே சுழல் பெட்டி இல்லையே. டாக்டர் எதிரே நின்று பேசித்தான் ஆக வேண்டும். பேசினேன். எப்படிப் பேசினேன் என்று தெரியவில்லை, பெட்டி மாறியது, கஞ்சி, உருக்குகிற பாத்திரம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். டாக்டர் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டு கேட்டார். பிறகு உதவியாளரைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, அந்த முட்டை?"

"சாப்பிட்டுட்டோமே டாக்டர். ஆம்லெட் போட்டுத் தந்தேன். நல்லா இருக்குன்னு நீங்கதான் ரெண்டாவது கேட்டீங்க."

"அதுக்குள்ள சீட்டு ஏதாவது?"

"'தாயே, முடிவு தெரியற நாள்ல வானம் தெளிவா இருக்கணும்'னு எழுதியிருந்துச்சு. நோயாளிங்க என்னென்னவோ எழுதுவாங்கன்னு விட்டுட்டேன். 'கெடச்சுது, நன்றி'ன்னு அவங்க அம்மா போனுக்குச் சேதியும் அனுப்பிட்டேன்."

இரண்டு வாரமாக எல்லாம் போய்ச் சேர்ந்தது என்று நாங்கள் நிம்மதியாக இருந்தது அந்தச் சேதியால்தான்.

டாக்டர் அதற்கப்புறம் சிரிக்கவில்லை. விளக்கடியில் வைத்து மெழுகின் நான்கு ஓரங்களையும் பார்த்தார். எண்ணை அறிக்கையோடு ஒருமுறை ஒப்பிட்டார், உதவியாளரை வாசிக்கச் சொல்லி மறுபடி ஒப்பிட்டார். "உருகல. ஒரு மூலை கூட மழுங்கல. செபம் கேட்ட மெழுகு இன்டாய் இது, ஆனா அடுத்த தடவ நேரா எங்கிட்ட குடு" என்றார். அன்றே அனுப்பிவிட்டார்.

நான் அதை முதல்நாளே நேராகக் கொடுத்திருக்கலாம். ஆய்வகத்திலிருந்து கிளினிக் வாசல் வரை போனேன். காவலாளி, "என்ன வேணும்?" என்றார். பதில் வரவில்லை. திரும்பி வீட்டுக்கு வந்துவிட்டேன். அதனால்தான் தெரோய் அண்ணன், அதனால்தான் இரண்டு பெட்டி. பள்ளிக்கூடத்தை விட்டதும் இதே காரணம். எட்டாம் வகுப்பில் எழுந்து நின்று படிக்கச் சொன்னார்கள். ஒரு பக்கம். முதல் சொல்லே வரவில்லை. வகுப்பே சிரித்தது, டீச்சரும் சிரித்தார். மறுநாளிலிருந்து "அம்மாவுக்கு ஒத்தாசை." நீங்கள் கேட்ட இரண்டாவது வரி இதுதான்.

அம்மாவிடம் நேற்று எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பாள் என்று நினைத்தேன். "என்னைக் கிளாரா அம்மா காலடியில ஒரு வாரம் உக்கார வெச்சியா?" என்று கேட்டு, தையல் வலிக்க வலிக்கச் சிரித்தாள்.

உங்கள் ஜூவிலின்

*

குய்மாராஸ்
ஏப்ரல் 4

அன்புள்ள சித்திக்கு,

கையை நெற்றியில் வைத்துக்கொள்கிறேன்.

ஒன்பது.

நூற்றுக்கு ஒன்பது. டாக்டர் காகிதத்தை எங்கள் பக்கம் திருப்பி வைத்து விரலால் காட்டினார். அம்மா முகம் சுருங்கிவிட்டது. "அவ்வளவுதானா? பள்ளிக்கூடத்துல கணக்குல நான் வாங்கினதே இதவிடக் கூட."

"இந்தப் பரீட்சையில கம்மியா வாங்கினாத்தான் பாஸ், மரிவிக் அக்கா."

கீமோ வேண்டாம். ஐந்து வருடம் தினமும் ஒரு மாத்திரை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை டாக்டர். "திரும்ப வரவே வராதுன்னு இந்தக் காகிதம் சொல்லல. வர்ற வாய்ப்பு கம்மின்னு சொல்லுது. உங்களுக்கு மாத்திரை செய்யற வேலைக்கு மேல கீமோவால பெரிசா ஒண்ணும் ஆகாதுன்னும் சொல்லுது" என்றார். ஆறுதலுக்காக ஒரு சொல் கூட்டிச் சொல்ல மாட்டார் அந்த டாக்டர். அதனால்தான் அவர் சொல்வதை நம்ப முடிகிறது.

நான் மாங்காய் விஷயத்தைச் சொல்லிவிட்டேன், சித்தி. மூழ்குகிறது, மிதக்கிறது எல்லாம். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "இருபது வருஷமா இத விளக்க நான் படாத பாடு படறேன். நாளைக்கே இதச் சொல்லப் போறேன். யார் சொன்னதுன்னு கேட்டா உன் பேரச் சொல்வேன்" என்றார்.

எனக்கு யாரைப் பார்த்து வியப்பது என்று தெரியவில்லை. கடல் தாண்டி எங்கேயோ, குய்மாராஸ் என்ற பெயரையே கேட்டிராத ஒருவர் அந்த மெழுகிலிருந்து முடியளவு மெல்லிசாகச் சீவி எடுத்து, என் அம்மாவின் செல்லுக்குள் அடங்கிக் கிடப்பதைக்கூடக் காது கொடுத்துக் கேட்டிருக்கிறார். எங்கள் வகுப்பில் அதை யாரும் செய்யவில்லை.

அன்று வானம் தெளிவாக இருந்தது. முட்டை சேர வேண்டிய இடத்தில் சேராவிட்டாலும்.

உங்கள் ஜூவிலின்

*

மலை மடம்
ஏப்ரல் 21, ஈஸ்டர் திங்கள்

அன்பு இன்டாய் ஜூவிலின்,

உயிர்த்தவரின் மகிழ்ச்சி உங்கள் வாசலுக்கு வரட்டும். உன் இரண்டு கடிதங்களும் ஈஸ்டர் வரை என் மேசையில் மூடியபடி இருந்தன. பெரிய தவம் அதுதான். நேற்று பூசை முடிந்ததும் இரண்டையும் பிரித்து, "ஒன்பது" என்று உணவு மேசையில் கத்திவிட்டேன். விவரம் தெரியாமலே எல்லோரும் கைதட்டினார்கள்.

அன்று என்ன நடந்தது என்று சொல்கிறேன். சிஸ்டர் பெனிக்னா அடுப்பைப் பற்றவைத்து முதல் கூடையைக் கொட்டியாயிற்று. உறையைப் படித்த சபைத் தலைவி ஓடினார். அவர் ஓடி நான் பார்த்ததில்லை. மௌன நாள், ஒருவரும் பேசவில்லை. பதினோரு பேர் தரையில் உட்கார்ந்து மெழுகுக் கைகளையும் கால்களையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தோம். இரண்டாவது கூடையின் அடியில் கிடைத்தது. மரத்தில் இரண்டு தட்டு நான் தட்டியது.

இனி பிப்ரவரியில் "இன்னொரு நாள்" என்று விட்டது.

லூஸ் அக்காவுக்கு மூன்று தவணை முடிந்திருந்தது. நான்தான் கூடவே இருந்தேன். நான்காவதன் முந்தின நாள், "போதும்டி, என்னால முடியல, கூட்டிட்டுப் போகாத" என்றாள். "இன்னும் ரெண்டுதானே, சும்மா இரு" என்று திட்டிக் கூட்டிக்கொண்டு போனேன். ஆறாம் நாள் காய்ச்சல். காலையில் போகலாம் என்று நினைத்தேன். விடிவதற்குள் நினைவு தப்பிவிட்டது. அடுத்த வருடம் நான் இங்கே வந்தேன். ஆண்டவர் கூப்பிட்டார் என்று எல்லோரிடமும் சொன்னேன், அது உண்மைதான். பாதி உண்மை.

உன் டாக்டரிடம் ஒன்று கேட்க வேண்டும். அக்காவுக்கு அந்த நான்காவது தேவையாக இருந்ததா? நீ கேட்க முடியாவிட்டால் விட்டுவிடு. கோபப்பட மாட்டேன். பதிலைத் தெரிந்துகொள்ள எனக்கு விருப்பமா என்பதே எனக்குத் தெரியவில்லை.

சித்தி

*

குய்மாராஸ்
மே 4

அன்புள்ள சித்திக்கு,

உங்கள் இரண்டு கைகளையும் நெற்றியில் வைத்துக்கொள்கிறேன். அம்மா நலம். மாத்திரை சாப்பிட்டால் எலும்பு வலிக்கிறது என்கிறாள், ஆனாலும் அறுவடைக்குத் தோட்டத்துக்கு வந்து எல்லோரையும் விரட்டினாள். "தலையில ஒரு முடி கூடக் கொட்டலையே, நெசமாவே கேன்சர்தானா?" என்று பாசிங் அக்கா கேட்டாள். அம்மா சட்டைப் பொத்தானில் கை வைத்தாள், பாசிங் அக்கா ஓடிவிட்டாள்.

நேற்று டாக்டரிடம் கேட்டேன். அம்மாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுத் தனியாகப் போனேன். கடிதத்தையே நீட்டிவிடலாம் என்றிருந்தது. நீட்டவில்லை. நானே சொன்னேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டார். சொன்னதைச் சொன்னபடியே எழுதுகிறேன்.

"உங்க பெரியம்மாவோட கட்டி எந்த வகைன்னு எனக்குத் தெரியாது, இன்டாய். தெரியாம ஆமான்னும் சொல்ல மாட்டேன், இல்லன்னும் சொல்ல மாட்டேன். ஆனா உன் சித்திகிட்ட இதச் சொல்லு. அன்னைக்கு இந்தச் சோதனை நம்ம கைக்கு வரல. அன்னைக்கு நான் அந்த நாற்காலியில இருந்திருந்தா, நானும் நாலாவதுக்குக் கூட்டிட்டு வான்னுதான் சொல்லியிருப்பேன். திட்டியும் இருப்பேன்."

நான் எழுந்துவிட்டேன். அவர் உட்காரச் சொன்னார்.

"இன்னும் ஒண்ணு. இந்த எண்ண எப்படிக் கண்டுபிடிச்சாங்க தெரியுமா? பழைய காலத்துல சிகிச்சை எடுத்த பொம்பளைங்களோட மெழுகுக்கட்டிங்கள அலமாரியில வெச்சிருந்தாங்க. யார் பொழச்சாங்க, யாருக்குத் திரும்ப வந்துச்சு, யார் போனாங்கன்னு எல்லாத்துக்கும் குறிப்பு இருந்துச்சு. அதையெல்லாம் எடுத்துக் கேட்டுத்தான் எந்தச் சத்தத்துக்கு என்ன அர்த்தம்னு கத்துக்கிட்டாங்க. அவங்க இல்லேன்னா உங்கம்மாவோட ஒன்பதுக்கு அர்த்தமே இல்ல. உங்க பெரியம்மா அந்த அலமாரியில இல்ல. ஆனா அவங்க நடந்த அதே வழியிலதான் அந்தப் பொம்பளைங்களும் நடந்தாங்க."

சித்தி, இது நீங்கள் கேட்டதற்குப் பதில் இல்லை என்று எனக்குத் தெரியும். இருக்கிற பதில் இதுதான்.

அம்மாவிடம் உங்கள் கடிதத்தைக் காட்டிவிட்டேன். நீங்கள் காட்டாதே என்று சொல்லவில்லை. படித்து மடித்து வைத்தாள். "கூட இருந்தது அவ மட்டும்தான். நான் பிள்ளையப் பாக்கணும்னு சொல்லிட்டு ஆஸ்பத்திரி வாசப்படிகூட மிதிக்கல. இத்தன வருஷமா அந்தப் பேர எடுக்காதன்னு சொன்னது அவளுக்காக இல்லடி, எனக்காக" என்றாள். அந்தப் பிள்ளை நான்தான். இதை எழுதலாமா என்று கேட்டேன். எழுது என்றாள்.

வியாழக்கிழமை நாங்கள் இருவரும் மடத்துக்கு வருகிறோம். டாக்டர் ஒரு டஜன் முட்டை கொடுத்தனுப்பியிருக்கிறார், கிளாரா அம்மாளுக்குத் திருப்பித் தர வேண்டியதாம். சீட்டை முதலில் ஒட்டிவிட்டு அப்புறம்தான் பெட்டியைக் கட்டியிருக்கிறேன்.

இந்த முறை "யாரு?" என்று கேட்டால் பெயரைச் சொல்வேன், அம்மாவின் பெயரையும் சேர்த்து, சத்தமாக. உங்களுக்குப் பேச வரவில்லை என்றால் பரவாயில்லை. மரத்தில் இரண்டு தட்டுங்கள். அம்மாவும் அங்கேதான் நிற்பாள்.

உங்கள் ஜூவிலின்